உஷார்! சிசேரியன் முடிந்தது, ஆபத்து முடியவில்லை

வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாளா? சிசேரியன் ஆகி இப்போதுதான் வீடு வந்த மகளோ மருமகளோ இருக்கிறாளா? அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இதைப் படித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க." தியேட்டர் கதவைப் பாதி திறந்து நர்ஸ் இதைச் சொன்னதும், வெளியே தவித்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் மூச்சுவிடுகிறது. ஒருவர் ஸ்வீட் வாங்க ஓடுகிறார். ஒருவர் பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஜோசியருக்கு போன் போடுகிறார். குழந்தை யார் ஜாடை என்று பேச்சு ஆரம்பிக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து எல்லாருடைய கண்ணும் குழந்தை மேல்தான்.

பெற்றவளை யார் பார்க்கிறார்கள்?

தோல், கொழுப்பு, தசையை மூடிய உறை, அதற்கும் உள்ளே கருப்பை. இத்தனையையும் அறுத்துத் திறந்து, மறுபடி தைத்து மூடியிருக்கிறார்கள். ஊரில் இதைப் 'பெரிய ஆபரேஷன்' என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் வேறு எந்தப் பெரிய ஆபரேஷன் ஆனவரையாவது மறுநாளிலிருந்து ராத்திரியெல்லாம் கண்விழித்து இன்னொரு உயிரைக் கவனிக்கச் சொல்கிறோமா? இவளைச் சொல்கிறோம். அவளும் செய்கிறாள். உடம்பு அனலாய்க் கொதித்தாலும் வெளியே சொல்லாமல் செய்கிறாள்.

அங்கேதான் ஆபத்து உள்ளே நுழைகிறது!

திருச்சிப் பக்கம் ஒரு சிற்றூர். எனக்குத் தெரிந்த குடும்பம். பெயர் வேண்டாம். பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, தலைப்பிரசவம். நடுராத்திரி வலியெடுத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் மதியம் வரை பார்த்துவிட்டு, குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சிசேரியன் செய்தார்கள். அந்த முடிவில் ஒரு தப்பும் இல்லை. குழந்தை நன்றாக அழுதது. ஐந்தாம் நாள் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டு, ஒரு வாரத்துக்கு மாத்திரை. என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. வீட்டாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஜுரம். "பால் கட்டிக்கிச்சு, அதான்" என்றார் அம்மாயி. பால் கட்டினால் ஜுரம் வரும்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாராசிட்டமால் கொடுத்தார்கள், இறங்கியது. ராத்திரி மறுபடி ஏறியது. அடிவயிறு வலிக்கிறது என்றாள். "கிழிச்ச வயிறு வலிக்காம இருக்குமா தங்கம், பொறுத்துக்க" என்றார் அம்மா. நாப்கினில் நாற்றம் வருவதை அவளே கவனித்தாள். சொல்ல வெட்கம். தண்ணீர் கேட்டாள். தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் வைக்கும், வயிறு பெருத்துவிடும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிட்டார்கள். பத்தியம்!

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு வாங்கியது. பக்கத்தில் கிடந்த குழந்தையைக் காட்டி "இது யாரு பிள்ளை" என்று கேட்டாளாம். அப்போதுதான் வீடு அலறியது. 108-ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கருப்பைக்குள் கிருமித் தொற்று. அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. வயிற்றை மறுபடி திறந்தார்கள். கருப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

உயிர் பிழைத்தாள். இருபத்துநான்கு வயதில் கருப்பை இல்லாமல் வீடு வந்தாள். ஒன்பதாம் நாளே கூட்டிப் போயிருந்தால்? அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, ஊசியில் மருந்து ஏற்றியிருந்தால் அனேகமாக அதோடு முடிந்திருக்கும். இடையில் போனது மூன்று நாள்தான்.

அந்த அம்மாயியைத் திட்டத் தோன்றுகிறதா? வேண்டாம். தன் அம்மா தனக்குச் செய்ததை அவர் பேத்திக்குச் செய்தார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சிசேரியன் கிடையாது. அந்தப் பத்தியமும் அந்த அறிவுரையும் சுகப்பிரசவத்துக்கே சரியா என்பது வேறு பேச்சு. அறுத்துத் தைத்த உடம்புக்கு அது நிச்சயம் சரியில்லை!

இது எங்கேயோ யாருக்கோ நடந்தது என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 2005-06-ல் நூறு பிரசவத்தில் இருபதுதான் சிசேரியன். 2015-16-ல் அது 34 ஆனது. 2019-21 ஆய்வில் 45! தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. அரசு மருத்துவமனைகளில் 36. அதே ஆய்வில் இந்தியா முழுவதற்குமான சராசரி 21.5தான். நம்மைவிட அதிகம் அறுக்கிற மாநிலமும் உண்டு. தெலங்கானாவில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் அதைக் காட்டி நாம் ஆறுதல் அடைய முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதையும் கேளுங்கள். ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் மரணம் குறைகிறது. அதற்கு மேலே போனால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் பத்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே இருக்கிற அத்தனை பெண்களும் எதற்காகக் கத்திக்குப் போனார்கள்?

எல்லாம் காசுக்காக என்று ஒரே வரியில் முடிக்க நான் தயாராக இல்லை. காசும் ஒரு காரணம்தான். ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கர்ப்பத்திலேயே வருவது கூடியிருக்கிறது. வலிக்குப் பயந்து பெண்ணே கேட்பது உண்டு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உறவினர்கள் கூட்டமாக வந்து மருத்துவமனையை அடித்து நொறுக்குவார்களோ என்ற பயம் மருத்துவருக்கும் உண்டு. பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னாலும் நாம் பொறுப்பதில்லை. இன்னொரு காரணம் எல்லாவற்றையும்விடப் பெரிது. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் சிசேரியன்தான். அதாவது தலைப்பிரசவத்தில் தேவையில்லாமல் வைக்கிற கத்தி அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்கத் துரத்துகிறது.

ஆகவே 'ஆபரேஷன்' என்ற பேச்சு எழுந்ததும் கேளுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், தன்மையாகக் கேளுங்கள். என்ன காரணம் டாக்டர்? இப்போதே செய்ய வேண்டுமா, இன்னும் சில மணி நேரம் காத்திருக்க முடியுமா? காத்திருந்தால் என்ன ஆபத்து? காரணம் உண்மையானதாக இருந்தால் எந்த மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நஞ்சு கர்ப்பவாயை மூடிக்கொண்டிருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வெளியே வருவது, இதயத் துடிப்பு இறங்கி மீளாமல் இருப்பது. இதெல்லாம் விளையாட்டில்லை. இங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்!

ஆனால் "கொடி சுத்தியிருக்கு" என்ற ஒரு வார்த்தைக்கே நடுங்கிப்போய்க் கையெழுத்துப் போடுகிறோமே, அது சரியா? நூறு குழந்தைகளில் இருபது முப்பதுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சுகமாகவே பிறக்கின்றன. அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. "வலி வந்தும் வாய் மெதுவாத்தான் திறக்குது" என்பதும் அப்படியே. முழு வேகத்தில் பிரசவ வலி பிடிப்பது, கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் தலையிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. தலைப்பிரசவம் மெதுவாகத்தான் நடக்கும். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

இனி நல்ல நேரம் பார்க்கிற குடும்பங்களுக்கு. கோபப்படாமல் கேளுங்கள்.

நட்சத்திரம் நன்றாக இருக்கிறது, ராகு காலம் இல்லை, அடுத்த வாரம் அஷ்டமி வந்துவிடும் என்று முப்பத்தேழாவது வாரத்திலேயே தேதி குறித்துக்கொண்டு போய் மருத்துவரை நெருக்குகிறீர்கள். அந்தக் குழந்தையின் நுரையீரல் உங்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காது! முன்கூட்டியே தேதி குறித்துச் செய்த சிசேரியன்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, சர்க்கரை தாழ்வது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது போன்ற தொல்லைகள் எத்தனை குழந்தைகளுக்கு வந்தன என்று பார்த்தார்கள். 39-ம் வாரத்தில் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 8. 38-ம் வாரத்தில் 11. 37-ம் வாரத்தில் 15! இரண்டே வாரம் அவசரப்பட்டதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆபத்து. வலியில் பிறக்கிற குழந்தைக்கு நுரையீரலில் இருக்கும் நீர் தானாக வற்றத் தொடங்கும். வலியே காணாமல் வெளியே எடுக்கப்பட்ட குழந்தைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மருத்துவக் காரணம் இருந்தால் முன்னாலேயே எடுக்கத்தான் வேண்டும், அது மருத்துவர் தீர்மானம். காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரம் முடிவதற்கு முன் தேதி கேட்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொரு பக்கமும் சாயாதீர்கள்! ஆபரேஷனுக்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறேன் என்று கிளம்புவது இதைவிடக் கொடுமை. 2018-ல் திருப்பூரில் ஒரு இளம் ஆசிரியை, யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் செய்ய முயன்று ரத்தப்போக்கில் இறந்துபோனார். தேவையான நேரத்தில் செய்த சிசேரியன் லட்சக்கணக்கான தாய்களைக் காப்பாற்றியிருக்கிறது. "வேண்டாம், நார்மலுக்கே பாருங்க" என்று குடும்பம் பிடிவாதம் பிடித்துக் குழந்தையை இழந்த கதைகளும் நம் ஊரில் உண்டு. மருத்துவர் காரணம் சொல்லி "இப்பவே" என்றால், உடனே கையெழுத்துப் போடுங்கள்.

சரி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இந்த ஆறு வாரத்தில் எதைப் பார்த்தால் ஓட வேண்டும்? படித்துவிட்டு மறக்காதீர்கள். எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஜுரம்! தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியைத் தொட்டால் அது பால் கட்டு ஜுரமா வேறு ஜுரமா என்று தீர்மானிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள் இல்லை. மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஜுரத்தோடு நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் போக்கு, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டு இறங்கிவிட்டதே என்று ஏமாறாதீர்கள். மாத்திரை சூட்டை மறைக்கும். கிருமியைக் கொல்லாது.

தையல். தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். வயிறு மடிந்து தொங்கினால் தையல் அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், தூக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறதா? வீங்கிக் கல் போல இருக்கிறதா? நீரோ சீழோ கசிகிறதா? தையல் வாய் பிளக்கிறதா? மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் மேலே அப்பாதீர்கள். சர்க்கரை உள்ள பெண்ணுக்கும், உடம்பு பருத்த பெண்ணுக்கும், ரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் தையலில் தொற்று வர வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பதை நினைவில் வையுங்கள்.

ரத்தப்போக்கு. முதல் சில நாள் சிவப்பாகப் போகும், பிறகு பழுப்பாகி, வெளுத்து, சில வாரங்களில் நின்றுவிடும். இது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைகிறதா? எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுகிறதா? வெளுத்திருந்த போக்கு இரண்டாம் வாரத்தில் திடீரென்று மறுபடி சிவப்பாகக் கொட்டுகிறதா? கெட்ட ரத்தம் போகட்டும் என்று சொல்லாதீர்கள். போவது உயிர்!

கால். இதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது நரம்பு இழுத்தது என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவோம். ஐயோ, நீவாதீர்கள்! உள்ளே ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் திடீரென்று வரும். சில நிமிடங்களில் உயிரையே எடுத்துவிடும். சுகப்பிரசவத்தைவிடச் சிசேரியனில் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். "பச்சை உடம்புக்காரி, எழுந்திருக்காதே" என்று நாள் கணக்கில் படுக்கவைப்பது இதைக் கூட்டுகிறது. தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவதும் கூட்டுகிறது. மறுநாளே எழுந்து நடக்கச் சொல்லும் நர்ஸ் இரக்கமில்லாதவர் இல்லை. அவர்தான் உங்கள் மகளைக் காப்பாற்றுகிறார். அவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் வயிறாரத் தண்ணீர் கொடுங்கள். தண்ணீரால் தையலில் சீழ் வைக்காது.

அடுத்தது தலைவலி. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் இதில் ஏமாறாத வீடு குறைவு. முதுகுத் தண்டில் போட்ட மயக்க ஊசியால் சிலருக்குத் தலைவலி வரும், உண்மைதான். அது எப்படி இருக்கும் தெரியுமா? எழுந்து உட்கார்ந்தால் தாங்க முடியாது, படுத்தால் தணியும். பிரசவமான முதல் சில நாளில் வரும். அதற்கும் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் படுத்தாலும் குறையாத தலைவலி, கண் மங்குவது, கண்ணுக்குள் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது, இவை ரத்த அழுத்தம் எகிறியிருப்பதன் அறிகுறி. அடுத்தது வலிப்பு! ஜன்னி என்று ஊரில் சொல்வார்களே, அதில் ஒரு வகை இதுதான். கர்ப்ப காலத்தில் அழுத்தம் சரியாக இருந்த பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பிறகு, ஆறு வாரத்துக்குள் இது வரலாம். "எல்லாம் முதுகுல போட்ட ஊசிதான்" என்று சொல்லிச் சொல்லியே இந்த இரண்டாவது தலைவலியைக் கோட்டை விடுகிறோம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 140/90-க்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அவசரம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சிறுநீர் வராமல் அடைப்பது, தன்னையறியாமல் ஒழுகுவது, சிறுநீரில் ரத்தம். மூத்திரப்பை கருப்பையை ஒட்டித்தான் இருக்கிறது, ஆபரேஷனில் அதில் காயம் பட வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

மனசும் கணக்கில் உண்டு. காரணமில்லாமல் அழுகிறாளா, பேச்சைக் குறைத்துக்கொண்டாளா, குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாளா, செத்துப்போகலாம் போலிருக்கு என்று ஒரு வார்த்தை வந்ததா? திமிர் என்று சொல்லாதீர்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

காசு போதவில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவித்த பெண்ணுக்கு, 2011-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, சிசேரியனும் மருந்தும் தேவைப்பட்டால் ரத்தமும் இலவசம். ஏழு நாள் வரை சாப்பாடும் இலவசம். யாரும் துரத்தவில்லை. இருந்து, தையலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது மிகப் பெரிய எச்சரிக்கைக்கு வருகிறேன். இதைப் படித்தால் அடிவயிறு கலங்கும். கலங்கட்டும்.

அடுத்த பிரசவம்!

கருப்பையில் போட்ட தையல் ஆறிவிடும். தழும்பு இருக்கும். அடுத்த கருவின் நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே வந்து உட்கார்ந்தால், மரத்தின் வேர் பழைய சுவரின் விரிசலுக்குள் இறங்குவது போல, கருப்பைத் தசைக்குள்ளேயே இறங்கிவிடும். சில பெண்களுக்கு அதையும் தாண்டி மூத்திரப்பை வரை போய்விடும். பிரசவத்தின்போது அந்த நஞ்சு பிரியாது. பிரிக்க முயன்றால் ரத்தம் வெள்ளமாய்க் கொட்டும். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். பல சமயம் கருப்பையோடு சேர்த்து எடுத்தால்தான் தாய் பிழைப்பாள்.

முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிசேரியன்களைப் பார்த்து 2006-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இது. நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பவாயை மூடியிருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு சிசேரியனே ஆகாதவர் என்றால் இந்த விபரீதம் நூற்றில் 3 பேருக்கு. ஒரு சிசேரியன் ஆனவர் என்றால் 11. இரண்டு ஆனவர் என்றால் 40. மூன்று ஆனவர் என்றால் 61! முதல் பிரசவத்தில் "எதுக்கு ரிஸ்க், எடுத்துடலாம்" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த ரிஸ்க் எங்கேயும் போகவில்லை. மூன்றாவது பிரசவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள், ஆண் வாரிசுக்காக மருமகளை வற்புறுத்துகிற குடும்பங்கள், இந்த எண்களை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

தழும்பிலேயே கரு ஒட்டுவதும் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள்ளேயே ரத்தப்போக்காக வெளிப்படும். அதனால் சிசேரியன் ஆன பெண் மறுபடி கருத்தரித்தால் நாள் தள்ளிப்போன உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதம் போய்க்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இடைவெளி விடுங்கள். குழந்தை பிறந்து இரண்டு வருடமாவது போகட்டும், அதற்குப் பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். தாய்ப்பால் கொடுக்கிறேன், தீட்டு வரவில்லை, அதனால் கரு தங்காது என்று நம்பி ஆறாம் மாதத்திலேயே மறுபடி முழுகாமல் நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கருத்தடை முறையைப் பற்றிக் கேளுங்கள். கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அது அவள் தலைவலி மட்டும் இல்லை.

ஒரு சிசேரியன் ஆனவருக்கு அடுத்தது சுகப்பிரசவம் ஆகவே ஆகாது என்று இல்லை. தகுந்த பெண்களைத் தேர்ந்தெடுத்து முயன்றால் நூற்றில் அறுபது முதல் எண்பது பேருக்கு ஆகிறது. ஆனால் சுமார் இருநூற்றில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிளந்துவிடும். அந்த நேரத்தில் நிமிடக் கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும். தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் இருபத்துநான்கு மணி நேரமும் தயாராக இல்லாத சின்ன நர்ஸிங் ஹோமில் இதை முயலவே கூடாது. வலி எடுத்துவிட்டால் "இன்னும் கொஞ்ச நேரம் வீட்ல இருக்கலாம்" என்ற பேச்சே கூடாது. தழும்பில் சுருக்கென்று வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, விடாமல் இருந்த வலி திடீரென்று அடங்கினாலோ ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஃபைல். வீட்டுக்கு வந்ததும் பரணில் போட்டுவிடுகிறோமே, அதை எடுத்து வைக்க வேண்டிய இடம் நகை இருக்கிற பீரோ. எதற்காக சிசேரியன் செய்தார்கள், கருப்பையை எந்தத் திசையில் அறுத்தார்கள், எவ்வளவு ரத்தம் போனது, ரத்தம் ஏற்றினார்களா, நஞ்சு முழுதாக வந்ததா, இதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே அறுத்தவருக்கும் மேலிருந்து கீழாக அறுத்தவருக்கும் அடுத்த பிரசவத்தில் ஆபத்து ஒன்றல்ல. வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி அறுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த கர்ப்பத்தில் முதல் செக்கப்புக்கே அந்த ஃபைலோடு போங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில், "நஞ்சு எங்கே இருக்கு? பழைய தழும்பு மேலேயா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், பிரசவத்தை உள்ளூரில் வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போல, அல்லது உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, ரத்த வங்கியும் அறுவை சிகிச்சை நிபுணர்களும் ஒரே இடத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனையில் ஏழாம் மாதத்துக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவளுடைய ரத்த வகையைச் சேர்ந்த சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.